மீன் தொட்டி ஃபில்டருக்குள் தலையணைப் பஞ்சும் ஓட்டாஞ்சில்லும்

மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ் (ஃபில்டருக்குள் சொருகும் பஞ்சுத் தகடு) மாற்ற வேண்டும் என்று ஃபில்டர் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பார்கள். வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் கேட்கவே கூடாத யோசனை அது. பணம் வீண் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடும்போது, தொட்டியை வாழவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பாக்டீரியாக் கூட்டத்தையும் சேர்த்தே போட்டுவிடுகிறோம். அந்தக் கூட்டத்தைக் கலைக்காமல், நம்மூர்க் கடைகளில் கிடைப்பதை வைத்து வீட்டிலேயே ஃபில்டர் செய்துகொள்ள முடியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. கப்பி, மோலி, பிளாட்டி என்று எல்லாம் எளிய மீன்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒரு விடுமுறைக்கு வந்தபோது, தொட்டியின் விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் ஃபில்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். சத்தமே இல்லாத நல்ல மோட்டார். "கார்ட்ரிட்ஜும் கூடவே வச்சிருக்கேன் அத்தான்" என்றார். மாதாமாதம் மாற்றாமல் அலசி அலசியே அவற்றை நீண்ட நாள் ஓட்டினேன். கடைசி ஒன்றும் நைந்துபோனது. அந்த அளவில் மாற்று மன்னார்குடியிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை. ஆன்லைனில் இருந்தது, அதன் விலைக்கு ஒரு புது ஃபில்டரே வாங்கிவிடலாம்.

நைந்த கார்ட்ரிட்ஜைக் கத்தரித்துப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சட்டம். அதன் இரண்டு பக்கமும் ஒட்டிய வெள்ளைப் பஞ்சுத் துணி. உள்ளே ஒரு கைப்பிடிக் கரித்தூள். அவ்வளவுதான். இதில் நம்மால் செய்ய முடியாதது எதுவும் இல்லை.

செய்முறைக்குப் போகும் முன், அந்தப் பஞ்சு என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியது இல்லை. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த வேலையைச் செய்யும் மண் பாக்டீரியாக்களைச் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டினார். ரொம்ப காலம், நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல்தான் தெரியவந்தது. 2015-இல் இன்னும் ஒரு படி போனார்கள். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை மொத்த வேலையையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதைப் பிடித்தது எங்கிருந்து தெரியுமா? மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஃபில்டர் ஒன்றிலிருந்து! நாம் அழுக்கு என்று நினைத்துக் குழாயடியில் பிழிந்து ஊற்றுகிற அந்தப் பழுப்பு நிறத்துக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வேலை செய்வதில்லை. எதையாவது பிடித்து ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஒட்டுவதற்கு இடமும், மேலே ஓடுகிற தண்ணீரில் ஆக்சிஜனும் வேண்டும். தொட்டியில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கிற இடம் ஃபில்டர் பஞ்சு. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் சேர்ந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மாதம் ஒரு முறை கார்ட்ரிட்ஜை மாற்றினால், குடியேறி முடிக்கும் நேரத்தில் வீட்டை இடித்துவிடுகிறோம் என்று அர்த்தம். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், புது கார்ட்ரிட்ஜ் போட்ட வாரத்தில் மோலிகளெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. "தண்ணி இவ்வளவு சுத்தமா இருக்கு, என்னண்ணே ஆச்சு?" என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான். என் பழைய பஞ்சில் பாதியைக் கொடுத்து, தொட்டியில் பாதித் தண்ணீரையும் மாற்றச் சொன்னேன். பிழைத்துக்கொண்டன.

தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்று நாம் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீரைத் தெளிய வைப்பது பழக்கமான வேலை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், கொஞ்ச நாளில் பாமணி ஆற்றில் செம்மண் கரைந்த புதுத்தண்ணி வந்துவிடும். அம்மா கல்யாணமாகி வந்த காலத்தில் ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து, தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்துவிட்டு வைத்துவிடுவார்களாம். கொட்டையின் பசை மண்துகள்களைத் திரட்டி அடியில் உட்காரவைத்துவிடும். காலையில் மேல் தண்ணீரை மொண்டுகொள்ளலாம். "உன் மீனுக்கும் ரெண்டு கொட்டையை இழைச்சு விடேன்" என்று அம்மா சொன்னார். மண் கலங்கலுக்கு அது சரி, அம்மோனியாவை அது தொடாது. அம்மோனியாவுக்கு நிறமும் இல்லை.

நம் தண்ணீரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். சோதனைக் குச்சியைத் தோய்த்தால் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 8-ஐ ஒட்டிக் காட்டும். அம்மோனியாவின் விஷம் பிஹெச்சைப் பொறுத்தது. 28 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான பகுதி 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 என்றால் அதுவே 6, 7 சதவீதம். ஒரே அளவு அழுக்கு, கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். வெயில் ஏற ஏற அது இன்னும் கூடும். கூடவே தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் குளிர்நாட்டு வீடியோக்களில் "கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை" என்று சொல்வதை சித்திரை வெயிலில் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு நம்ப முடியாது. நம் ஃபில்டர் அவர்களுடையதைவிடத் திடமாக இருக்க வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் பஞ்சு. இலவம் பஞ்சும் பருத்திப் பஞ்சும் கூடாது. தண்ணீரில் கிடந்து நாளடைவில் அழுகும். வேண்டியது பாலியெஸ்டர் பஞ்சு. மெத்தைக் கடையில் தலையணைக்குள் அடைக்கிற அதே பஞ்சுதான். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பெரியவர். முதல் முறை போனபோது, "எத்தனை தலகாணிக்கு தம்பி?" என்றார்.

"தலகாணிக்கு இல்ல பாய், மீன் தொட்டிக்கு."

அவர் யோசித்துவிட்டு உள்ளே போய் இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒன்றைத் தொட்டால் வழுவழுவென்று விரலில் நழுவியது. இன்னொன்று கொஞ்சம் சொரசொரப்பு. "இந்த வழுக்கல் பஞ்சுக்கு மேலே ஏதோ பூச்சு குடுத்திருப்பாங்க, அதனாலதான் மெத்துன்னு இருக்கு. உங்களுக்கு அது வேணாம், இதை எடுத்துக்குங்க" என்றார். சிலிக்கோன் பூசிய நாரும் பூசாத நாரும் உண்டு என்பதை அவர்தான் விரலால் தொட்டுக் காட்டிப் புரியவைத்தார். வாசனை போட்ட பஞ்சு, நெருப்புப் பிடிக்காதிருக்க மருந்து போட்ட பஞ்சு இவையும் ஆகாது. கால் கிலோ வாங்கினால் ஒரு வருஷத்துக்கு மேல் வரும்.

அடுத்தது ஸ்பாஞ்ச். பஞ்சு மெல்லிய தூசியைப் பிடிக்கும், சீக்கிரம் அடைத்தும் கொள்ளும். பாக்டீரியாவுக்கு நிரந்தர வீடு ஸ்பாஞ்சுதான். சோஃபா குஷன் தைக்கும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். வாயில் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். தாராளமாகக் காற்று போனால் தண்ணீரும் போகும். காற்று முட்டினால் விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் பல முறை பிழிந்து, ஒரு ராத்திரி வாளியில் ஊறவிட்டுப் பார்ப்பேன். காலையில் நுரையோ மருந்து வாடையோ இருந்தால் அந்தத் துண்டு தொட்டிக்குப் போகாது. சந்தேகமாக இருந்தால் மீன் கடையில் விற்கும் கறுப்பு ஸ்பாஞ்சையே வாங்கிவிடுங்கள். ஒரு முறை வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

வெட்டும்போது கார்ட்ரிட்ஜ் உட்காரும் பள்ளத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக வெட்ட வேண்டும். அழுத்தி நுழைத்தால் பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் நிற்கும். இடைவெளி இருந்தால் தண்ணீர் அதன் வழியாகவே ஓடிவிடும். தண்ணீர் வரும் பக்கம் ஸ்பாஞ்ச், போகும் பக்கம் பஞ்சு. இரண்டையும் சேர்த்துத் தைக்கக் கோணி ஊசி வசதி. நூல் மட்டும் சணலோ பருத்தியோ கூடாது, இற்றுவிடும். தூண்டில் நரம்பு போட்டுத் தைத்தால் எத்தனை வருஷமானாலும் அசையாது. பழைய சட்டம் உடைந்திருந்தால், மாவு டப்பாவின் மூடியை அளவுக்கு வெட்டி, காய்ச்சிய கம்பியால் நெருக்கமாகத் துளை போட்டுக்கொள்ளலாம். எந்த இடத்திலும் இரும்பு, செம்பு, ஸ்டேப்ளர் பின் எதுவும் வரக்கூடாது. இறாலும் நத்தையும் வளர்ப்பவர்கள் செம்பை அண்டவே விடக்கூடாது.

சின்னச் சின்னத் துண்டுகளைக் கட்டிவைக்க வலைப்பை வேண்டுமென்றால் நைலான் கொசுவலைத் துணி நன்றாக உதவும். ஆனால் மருந்து தோய்த்த கொசுவலைகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து; மனிதனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனைக் கொன்றுவிடும். கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு சாதா வலையை வாங்குங்கள். இதே காரணத்துக்காக, கொசு விரட்டி லிக்விட் மெஷினை ஏர் பம்ப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சி நேராகத் தொட்டிக்குள் விடும். வயல் வடிகாலில் ஓடும் தண்ணீரையும் அதன் பாசியையும் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். மேலே எந்த வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பொருள்: ஓட்டாஞ்சில்லு. கடையில் பீங்கான் வளையம் என்று விற்பார்கள், பாக்டீரியா குடியேறுவதற்காக. அதன் குணமெல்லாம் நுண்துளைதான். பழைய நாட்டு ஓட்டிலும் அது இருக்கிறது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ ஓட்டு வீடுகள் பிரிந்தன. உடைந்த ஓடுகள் கொல்லைக் கொல்லையாகக் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துச் சுத்தியலால் விரல்நக அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த சில்லு ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மேல்பரப்பு முழுவதும் ஊசிமுனைக் குமிழிகள் முளைக்கும். ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தது போல வரிசையாக மேலே வரும். சில நிமிஷம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருந்த காற்று வெளியேறி அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது. என் மகள் டம்ளரின் மேல் காதை வைத்துக்கொண்டு, "அப்பா, சத்தம் கேக்குது" என்றாள். கேட்டேன், சன்னமாக ஒரு சீறல் கேட்கத்தான் செய்தது. ஒவ்வொரு துளையும் ஒரு குடியிருப்பு.

ஓட்டில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் போதும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அது தண்ணீரை இன்னும் கடினமாக்கும். மோலியும் கப்பியும் தாங்கும், டெட்ரா வகைகளுக்கு ஆகாது. வண்ணம் அடித்த ஓடு, பளபளப்புப் பூசிய டைல்ஸ் இரண்டும் வேண்டாம். சிவப்புத் தண்ணீர் நிற்கும்வரை அலசி, வலைப்பையில் கட்டி ஸ்பாஞ்சுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். அதை வெளியே எடுக்கவே தேவையில்லை.

கரியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கார்ட்ரிட்ஜில் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். கொட்டாங்கச்சிக் கரியை மிக அதிக வெப்பத்தில் நீராவியோடு சேர்த்துப் பதப்படுத்தினால் அது வரும். ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் கொட்டாங்கச்சிக் கரி அந்தப் பதப்படுத்தலைப் பார்க்காதது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலையில் ரொம்பப் பின்தங்கும். ஆனால் நல்ல கார்பனே ஆனாலும் அம்மோனியாவை எடுக்காது, நைட்ரைட்டை எடுக்காது. வாடை, மஞ்சள் நிறம், மீனுக்குப் போட்ட மருந்தின் மிச்சம், இவற்றைத்தான் எடுக்கும். சில வாரத்தில் நிறைந்தும் போகும். அதனால் நான் எப்போதும் கரி போடுவதில்லை. மருந்து கொடுத்து முடித்த பிறகு ஒரு வாரம் போட்டு எடுத்துவிடுவேன். மருந்து கொடுக்கும்போது கரி உள்ளே இருந்தால், மீனுக்குப் போக வேண்டிய மருந்தைக் கரி தின்றுவிடும்.

அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சுவது சியோலைட் என்ற கல். வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் நோய்க்காகத் தொட்டியில் கல்லுப்பு போடுகிறவர்கள் அதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். உப்பு பட்டால் பிடித்துவைத்த அம்மோனியாவைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

இவ்வளவும் செய்தபின் கழுவுவதில் கோட்டைவிட்டால் பிரயோசனம் இல்லை. குழாயடியில் கழுவக் கூடாது. வெள்ளம் வடிந்த நாட்களில் தண்ணீர்த் தொட்டிகளில் ப்ளீச்சிங் பவுடர் தாராளமாகப் போடுவார்கள். அதில் வரும் குளோரின் கிருமியையும் கொல்லும், நம் கூட்டத்தையும் கொல்லும். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து, ஸ்பாஞ்சை அதில் இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்தால் போதும். பழுப்பாக, கெட்டியாக வரும். மோந்து பாருங்கள். நல்ல ஃபில்டரில் உழுத வயலின் மண் வாசம் வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே எங்கோ ஆக்சிஜன் போகவில்லை, பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது. பஞ்சை மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். அது வெள்ளையாகும்வரை தேய்க்க ஆசை வரும், வேண்டாம். வாளியில் மிஞ்சிய தண்ணீரை முருங்கைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.

கரண்டு போனால் என்ன செய்வது? ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா கரை கடந்தது. எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. கம்பங்களெல்லாம் தரையில் கிடந்தன. ஸ்பாஞ்சையும் ஓட்டுப் பையையும் ஃபில்டரிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவைத்தேன். வீட்டில் யார் அந்தப் பக்கம் போனாலும் சொம்பால் தண்ணீரை மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தோம். தீனியை நிறுத்திவிட்டோம். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. கரண்டு வந்ததும் ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்படியே போட்டால் அந்த அழுகல் மொத்தமும் தொட்டிக்குள் வரும். இப்போது சின்ன ஏர் பம்ப் ஒன்றை இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறேன். சில வாட்தான் எடுக்கும்.

அந்த ஏர் பம்ப்பை வைத்தே இன்னொரு ஃபில்டரும் செய்யலாம். கப்பி குட்டி போடும் வீடுகளுக்கு இதுதான் சரி, மோட்டார் ஃபில்டர் குட்டிகளை உறிஞ்சிவிடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கீழ்ப்பாதியில் சூடான ஊசியால் துளைகள் போட்டு, அடியில் ஓட்டாஞ்சில்லைப் போட வேண்டும். கனத்துக்கும் அதுவே ஆயிற்று. அதற்கு மேல் ஸ்பாஞ்ச் துண்டுகள். மூடியில் ஒரு துளை போட்டு விரல் கனக் குழாயை அடிவரை இறக்கி, அதற்குள் காற்றுக் குழாயை விட்டால், ஏறும் குமிழிகள் தண்ணீரையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு வரும். அந்த இடத்தை நிரப்பப் பக்கத் துளைகள் வழியே தண்ணீர் ஸ்பாஞ்சுக்குள் புகும். குட்டிகள் அந்தப் பாட்டிலைச் சுற்றியே மேய்ந்துகொண்டிருக்கும். துளைகளின் ஓரத்தில் வளரும் நுண்ணுயிர்களைக் கொத்தும்.

புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால், அவர்களுக்கான ஸ்பாஞ்சை உங்கள் ஓடுகிற ஃபில்டரில் ஒரு மாதம் பக்கத்திலேயே சொருகிவைத்துக் கொடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரக் காத்திருப்பு அவர்களுக்குப் பெருமளவு மிச்சம். கொடுக்கும் முன் உங்கள் மீன்களுக்கு வெண்புள்ளி நோய் மாதிரி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்பாஞ்சோடு அதுவும் போய்விடும். பையில் தண்ணீரை நிறைய ஊற்றி முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்து, பைக்குள் காற்று இருந்தால் போதும். வெயிலில் வண்டி டேங்க் கவரில் வைக்காமல் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அன்றைக்கே தொட்டியில் போட்டு, அன்றைக்கே மீனையும் விட்டுவிடலாம், முதலில் நான்கைந்து மட்டும்.